வாசலுக்கு மேலே உன் பெயர்

இன்று காலை பாலர் பள்ளியைத் திறந்தபோது, நீ விட்டுப்போன வெள்ளைக் கல் நனைந்து கிடந்தது. இரவு பெய்த மழை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்திருக்கிறது. எப்போதும் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் கல் அது. வெயிலில் காய வைக்கலாம் என்று இரண்டு கையாலும் தூக்கினேன். ஈரம் குடித்தும் அந்த அளவுக் கல்லுக்கு உரிய கனம் அதில் இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு வாசனை. கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் வருமே, அந்தச் சுண்ணாம்பு வாசனை. அது உன் வாசனை. கட்டுமான இடத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொடியோடு நாற்காலியில் சாய்ந்து, "மைலோ கலக்குடி, செத்துட்டேன்" என்பாயே, அந்த வாசனை. கல்லைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் வரும் நேரமாகிவிட்டதால் அதையும் முழுதாகச் செய்ய முடியவில்லை.

இப்போது மதியம். பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டேன். காலையில் இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நீ இருந்தவரை நடந்தது உனக்குத் தெரியும். நீ போன பிறகு நடந்ததுதான் தெரியாது. இருந்தாலும் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வருகிறது.

சென்ற வாரம் நிலம் அசைந்தது. கடலுக்கு அந்தப் பக்கமா, நம் பக்கமேவா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகள் ஒரே திசையில் ஆடின. அவர்களுக்கு அது விளையாட்டு. நான் ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து நிறுத்தினேன். அன்று மாலையே பெற்றோர் எல்லாரும் கைப்பேசிக் குழுவில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மறுபடி ஆடினால் பிள்ளைகள் உள்ளேயே இருக்க வேண்டுமா, வெளியே ஓட வேண்டுமா? டீச்சர் ஏதாவது பயிற்சி கொடுங்கள். நான் பதில் போடவில்லை. பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீயோ இல்லை.

செலண்டார் தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். நீ கட்டடம் படித்தாய், நான் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தேன். மலாக்கா டவுனில் பொறியாளர் வேலை, தங்கா பத்துவில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு என்று நீ நன்றாகத்தான் இருந்தாய். ஆனால் உன்னை ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாகக் கூட்டிப்போக முடியாது. எல்லாரும் பெண்ணின் புடவையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீ மண்டபத்துத் தூணைத் தட்டிக்கொண்டிருப்பாய். கோயிலில் தீபாராதனை காட்டும்போதும் உன் கண் கூரையில்தான் இருக்கும். "சாமி அங்க இருக்கு லா" என்று நான்தான் உன் முகத்தைத் திருப்பிவிடுவேன்.

ஒரு நாள் உன் வீட்டில் நாம் கறி சமைத்துக்கொண்டிருந்தபோது மேலே தொங்கிய விளக்கு தானாக ஆடியது. சுமத்ராவில் நிலநடுக்கம் என்று பிறகு தெரிந்தது. நான் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். நீ அடுப்பை அணைத்துவிட்டு, விளக்கு எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வருகிறது என்று அண்ணாந்து பார்த்தாய். உன் முகத்தில் நான் பார்த்திராத ஒரு பயம் இருந்தது. நம் ஊரில் யாரும் இதை நினைத்துக் கட்டுவதில்லை என்று அன்றைக்குச் சொன்னாய். அதற்குப் பிறகு கறி இறங்கவில்லை, இரண்டு பேரும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

அந்தப் பயத்தோடுதான் நீ நம் கோயில் மண்டபத்துக்கு வரைபடம் போட வந்தாய்.

தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது நாம் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்திருந்தோம். லயத்து வீடுகளில் இருந்த நம் ஆட்கள் ஒவ்வொருவராக டவுன் பக்கம் வந்துவிட்டார்கள். அம்மனையும் எடுத்துக்கொண்டு வந்து புக்கிட் காத்தில் என்ற இடத்தில், ஒரு தாமான் குடியிருப்பின் ஓரத்தில் வைத்தார்கள். எடுத்து வர முடியாதது இடுகாடு. நம் தாத்தாக்களும் என் அப்பாவும் புதைந்திருந்த மேட்டை ஒரே நாளில் எந்திரம் வந்து சமமாக்கிவிட்டது. இன்று போய்ப் பார்த்தால் எந்த மரம் யார் மேல் நிற்கிறது என்று சொல்ல முடியாது. நம் ஆட்கள் அதைப் பேசமாட்டார்கள். ஆனால் யாரும் மறக்கவும் இல்லை.

அதனால்தான் மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டும்போது, வீட்டுக்கு ஒரு செங்கல் என்று வந்த யோசனை அப்படிப் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு செங்கல்லைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, தங்கள் வீட்டில் இறந்தவரின் பெயரை எழுதிக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூட டீச்சர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாக் கல்லும் என்னிடம் வந்தன. வெள்ளைப் பெயிண்டில் எழுதினேன். முதல் கல்லில் என் அப்பா பெயர். எழுதி முடித்த பெயர்களைப் பார்த்தபோது, மேடாக இருந்த அந்த இடுகாடு எழுந்து என் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அம்மா ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நீ வந்து பார்த்தாய். எல்லாப் பெயரையும் படித்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய், "இதையெல்லாம் எங்கடி வைக்கப் போறாங்க?"

வேறு எங்கே, மேல்மாடி மண்டபத்துச் சுவரில்தான் என்றேன். பெயர் எழுதிய கல்லைக் காலடியில் வைக்கக்கூடாது அல்லவா? மாடியின் முன்சுவர் முழுவதும், பூச்சு பூசாமல், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி. நீ கல்லைக் கையில் எடுத்து எடை பார்த்தாய். அந்த அசைவே எனக்குப் பதிலாக இருந்தது.

உன் வரைபடத்தில் கீழ்த்தளம் தூண்கள் மட்டும்தான். கார் நிறுத்தவும் பந்தி போடவும் இடம் வேண்டும் என்று கோயில் நிர்வாகம் கேட்டிருந்தது. ஒரு மூலையில் என் பாலர் பள்ளி. மேல்தளத்துக்கு நீ எடை குறைந்த கான்கிரீட் கல்லைப் போட்டிருந்தாய், நம் ஆட்கள் வாயில் அது வெள்ளைக் கல். தூண்களின் பருமனையும் அந்தக் கனத்துக்குத்தான் கணக்கிட்டிருந்தாய். ஒரு நாள் காலை அந்தக் கல்லில் பாதியை அறுத்து, அப்போது பள்ளி நடந்த பழைய கொட்டகைக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் கை கழுவும் வாளியில் போட்டாய். அது மிதந்தது. கல் மிதக்குது டீச்சர் என்று அந்த ஆண்டுப் பிள்ளைகள் கத்திய கத்தலுக்குக் கோயில் ஐயர் எட்டிப் பார்த்தார்.

"செங்கல் மேல எனக்கு என்ன கோவம்? நல்ல கல்லுடி. மழை தாங்கும், நெருப்பு தாங்கும், ஆணி அடிச்சா புடிக்கும். ஆனா கனம். நிலம் ஆடுறப்ப எவ்வளவு கனமோ அவ்வளவு இழுக்கும். மேல கனம், கீழ வெறும் தூணு, அதான் ஆகாது" என்றாய். வெள்ளைக் கல்லையும் நீ தூக்கிப் பிடிக்கவில்லை. தண்ணீரை உறிஞ்சும், ஓரம் உதிரும், தூணோடு கம்பி வைத்துக் கட்டாவிட்டால் இதுவும் அப்படியே சாய்ந்துவிடும் என்றாய். எந்தக் கல் நல்லது என்று கேட்பதே தப்பு, எந்த இடத்துக்கு எந்தக் கல் என்றுதான் கேட்க வேண்டும் என்றாய். எனக்கு அது சட்டென்று புரிந்தது. கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. நிர்வாகத் தலைவர் கெட்டவர் இல்லை. தோட்டத்து லோரி ஓட்டியவர், நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவர். அவர் வெள்ளைக் கல்லை விரலால் தட்டிப் பார்த்து, ரொட்டி மாதிரி இருக்கிறதே மா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நிலநடுக்கமெல்லாம் இந்தோனேசியாவில், இங்கே எங்கே வரப்போகிறது என்று பின்னாலிருந்து ஒரு குரல். நீ கோபப்படவில்லை. தைப்பூசத்தில் பால்குடம் தூக்கி வருகிறவரையும் பூக்கூடை தூக்கி வருகிறவரையும் நினைத்துப் பாருங்கள், கூட்டத்தில் ஒரே மாதிரி இடித்தால் யார் முதலில் தள்ளாடுவார் என்று கேட்டாய். சிரிப்பு அடங்கியது. கீழே தூண்களுக்கு நடுவில் பெயர்க் கற்களை வைத்துக் கட்டினால் கட்டடத்துக்கே பலம் என்று சொன்னாய். அங்கேதான் எல்லாம் உடைந்தது.

எழுந்து நின்றது என் அம்மா. அவர் கூட்டத்தில் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்க ஆளுங்களுக்குக் குழிகூட இல்லாம பண்ணிட்டாங்க. பேரு ஒண்ணுதான் மிச்சம். அதையும் செருப்பு கழட்டுற இடத்துல வைக்கணுமா மா?"

நீ வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். கூட்டம் முடிந்து உன் காரில் ஏறியதும் சாவியை மடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "அம்மா சொன்னது சரிதான்டி. அதான் கஷ்டம்" என்றாய்.

பிறகு நீ கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கோயிலுக்கு முன்னால், இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. அதன் மேல் தாழ்வான ஒரு சுவர், சுற்றிலும் கான்கிரீட் பட்டை, ஓரங்களில் குட்டித் தூண்கள், மேலே ஒரு சின்னக் கூரை. பெயர்கள் யார் காலுக்கும் கீழே இருக்காது. கையால் தொடலாம், பூ வைக்கலாம். செங்கல்லுக்கு அதுதான் நல்ல இடம், நிலத்தோடு ஒட்டி இருக்கும், விழுவதற்கு உயரம் இல்லை என்றாய். நிர்வாகம் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டது. அம்மாவும் சரி என்றார். வெள்ளைக் கற்கள் லோரியில் வந்து இறங்கின. தூண்கள் எழும்பின. நீ அந்த வாரம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தாய், அதைக் கேட்கத்தான் சகிக்கவில்லை.

முதல் வேலையாகக் கதவு மாட்டிய பாலர் பள்ளி மூலைக்கு வந்து, ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த வாரம்தான். பின்பக்கம் போகாதே, வெட்டிய மண்மேடு. பக்கவாட்டில் சமையற்கட்டு, கேஸ் சிலிண்டர்கள். "வாசல் வழியா திடலுக்கு ஓட விடு. மேல வெள்ளைக் கல்லு, கம்பி போட்டு இறுக்கி வைக்கப் போறோம், பயப்படாத. கதவை மட்டும் எப்பவும் திறந்தே வை. ஆடுறப்ப சட்டம் கோணிக்கும், கதவு மாட்டிக்கும்." அந்தப் பாதிக் கல்லைக் கதவடியில் காலால் தள்ளி வைத்தாய். அதுதான் இன்று காலை நனைந்து கிடந்த கல்.

அதற்கப்புறம் உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு கட்டுமான இடத்தில் நின்றாய். டிங்கி, கொசு கடித்து வரும் காய்ச்சல் என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. நான் வந்து பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. என்னிடம் கம்பி கட்டிவிட்டார்களா என்று கேட்டாய். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாய். கடலுக்கு அப்பால் அசையும் நிலத்துக்கெல்லாம் பயந்த நீ, உன் வீட்டுப் பூந்தொட்டித் தண்ணீரைக் கவிழ்க்காமல் விட்டிருக்கிறாய். உன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகாது.

கருமாதி முடிந்த கையோடு உன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதிலிருந்து நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். கையில் துணியில் சுற்றிய செங்கல். மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். "நல்லா எழுது மா. அவ உன் எழுத்தைத்தான் அழகுன்னு சொல்லுவா" என்றார். உன் பெயரை எழுத எனக்கு ஒரு பொழுது ஆனது. முதல் எழுத்துக் கோணிவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பெயிண்டு காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் அந்தக் கல்லை மேசை மேல் வைத்தார். அவர் குரல் உடைந்துவிட்டது. "நமக்காக ஓடி ஓடி உழைச்ச பொண்ணு. அவ பேரை வெளிய மழையில வெயில்ல விடுறதா? அவ கட்டுன மண்டபத்துல, வாசலுக்கு மேல, எல்லாத்துக்கும் உச்சியில வைப்போம்" என்றார். பெண்கள் அழுதார்கள். யாரும் எதிர்க்கவில்லை. உன் பெயர் மேலே போகிறதென்றால் மற்றப் பெயர்கள் மட்டும் ஏன் வெளியே என்றது ஒரு குரல். அதையும் யாரும் எதிர்க்கவில்லை. நீ உயிரோடு இருந்து வாதாடித் தடுத்ததை, உன் மேல் இருந்த அன்பினாலேயே ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

நான் எழுந்தேன். அவள் வேண்டாமென்றுதானே சொன்னாள், தூண்கள் அந்தக் கனத்துக்குப் போட்டதில்லையே என்று கத்தினேன். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "நீ அவளுக்கு உயிர்த்தோழி. உன் வருத்தம் எங்களுக்குப் புரியுது மா, உக்காரு" என்றார் தலைவர். யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பெயர்க் கற்களோடு வெறும் செங்கல்லும் சேர்த்து முன்சுவர் எழும்பியது. வெள்ளைக் கற்கள் போன இடம் தெரியுமா? பின்பக்கத்துத் துளசிப் பாத்திக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். மீதியின் மேல் பெண்கள் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்கள். உன் அலுவலகத்துக்குப் போய் உன்னோடு வேலை செய்தவரைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒன்று தூண்களைப் பருமனாக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சுவரை இறக்க வேண்டும் என்று தலைவரிடமே சொன்னார். திறப்பு விழா முடியட்டும் என்றார்கள். முடிந்தது. பிறகு பார்க்கலாம் என்றார்கள். பாலர் பள்ளிக்கு வேறு இடம் கேட்டேன், கோயிலைத் தவிர யார் நமக்கு இடம் கொடுப்பார்கள் என்றார்கள். நான் விடாமல் கேட்டபோது தலைவர் சொன்னது ஒன்றுதான். சுவரை இறக்கினால் உன் கல்லும் இறங்கும், அதை உன் அம்மாவிடம் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை, எனக்கு இருந்தால் கேட்கலாம்.

போய்க் கேட்டேன். அத்தை எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவளை எரிச்சு சாம்பலையும் கடல்ல விட்டாச்சு. நான் நிமிந்து பாக்குறதுக்கு அந்த ஒரு கல்லுதான் மா இருக்கு. அதையும் எறக்கச் சொல்றியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். "பிள்ளைங்களைப் பத்திக் கவலைப்படாத. அவ மேலேர்ந்து பாத்துக்குவா. ஒண்ணும் ஆக விடமாட்டா" என்றார். நீ இருந்தால் அதற்கு என்ன சொல்லியிருப்பாய்? போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன். அத்தை இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, திடலில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து உன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போகிறார்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சுவர் அழகாக இருக்கிறது. காலை வெயிலில் சிவப்புக் கல்லில் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. என் பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் படித்ததே அந்தச் சுவரில்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ்ப் புத்தகம் எங்கே இருக்கிறது? திடலில் வரிசையாக உட்கார வைத்து, மேலே எங்கே அகரம் இருக்கிறது, எங்கே மகரம் இருக்கிறது என்று தேடச் சொல்வேன். தங்கள் கொள்ளுத்தாத்தா பெயரைக் கண்டுபிடித்தால் துள்ளுவார்கள். உன் பெயர் சின்னப் பெயர், சுழி குறைந்த எழுத்துகள், உச்சி வரிசையில் தனியாக நிற்கிறது. அதனால் எல்லாரும் முதலில் உன் பெயரைத்தான் படிக்கப் பார்ப்பார்கள்.

சரி, இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தால் தூண். வெளியே ஓடினால் சுவர். மேசைக்குக் கீழே புகச் சொன்னால், தலைக்கு மேலே அந்த மாடி முழுதும் இருக்கிறது. வாசல் வழியாக ஓடச் சொன்னால், நீ கட்டச் சொன்ன வாசல் அங்கே இல்லை. யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைசியில் நீ சொன்னதையே பிடித்துக்கொண்டேன், அது பழைய வரைபடத்துக்குச் சொன்னது என்று தெரிந்தே. வேறு எதைப் பிடித்துக்கொள்வது? வேகமாக ஓடினால் சுவரைத் தாண்டிவிடலாம், சில விநாடி வேலைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காயாத கல்லையே கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தேன்.

பிள்ளைகளை உட்கார வைத்து, மணி அடித்ததும் புத்தகப்பையைத் தலையில் பிடித்துக்கொண்டு திடல் வரைக்கும் ஓட வேண்டும், எங்கேயும் நிற்கக்கூடாது என்று சொன்னேன். புரிந்ததா என்றேன். புரிந்தது என்று ஒரே குரலில் கத்தினார்கள். மணி அடித்தேன். நன்றாகத்தான் எழுந்தார்கள். நன்றாகத்தான் ஓடினார்கள். முன்னால் ஓடியவள் தலைவரின் பேத்தி, துறுதுறுவென்று இருப்பாள், எழுத்து மட்டும் ஏறவே ஏறாது. வாசலைத் தாண்டி நாலடி போனவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி, பையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வந்த பிள்ளைகள் அவள் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் விரலை நீட்டி, உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொன்னாள்.

அவள் வாழ்க்கையில் தானாகப் படித்த முதல் சொல் அது.

"டீச்சர், நான் படிச்சிட்டேன்" என்றாள். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாரும் அந்தச் சுவருக்கு நேர் கீழே நின்றுகொண்டு கைதட்டினார்கள்.

வேறு நாளாக இருந்திருந்தால் அவளைத் தூக்கி முத்தமிட்டிருப்பேன். இன்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினேன். அவள் அழுதுவிட்டாள். சரியாகத்தானே படித்தோம், டீச்சர் ஏன் கோபப்படுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்து, மடியில் உட்கார வைத்துச் சமாதானம் செய்தேன்.

இப்போது இங்கே யாரும் இல்லை. திடல் ஓரத்தில், மண்டபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து எழுதுகிறேன். நிமிர்ந்தால் நீ தெரிவாய், நான் நிமிரவில்லை. அத்தை சொன்ன மாதிரி நீ மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், உனக்குத்தான் எல்லாரையும்விட அதிகப் பயமாக இருக்கும். இது ஒரு நாள் ஆடும். ஆடினால் உச்சி வரிசைதான் முதலில் வரும், அதை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் யாரிடம் போய் இன்னும் கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டிய எல்லாரிடமும் கேட்டாகிவிட்டது. அவர்கள் எல்லாரும் உன்னை நேசிக்கிறவர்கள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாதிக் கல்லும், கதவைத் திறந்தே வை என்ற ஒரு பேச்சும்தான். இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறேன். நாளைக்கும் கல்லைக் கதவடியில் தள்ளி வைத்துவிட்டு மணி அடிப்பேன். பிள்ளைகள் மறுபடி ஓடுவார்கள். நான் எழுதி, நானே அவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த உன் பெயரை, ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் ஓடுவதற்கு இனி அவர்களைப் பழக்க வேண்டும்.